அம்மாவுக்குப் படிக்க: கிண்டிலா, டேப்லெட்டா?

கயல்_தஞ்சை (ஞாயிறு, இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் இங்கே படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். நான் தொடங்கும் முதல் இழை இதுதான், பிரிவு தப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசி போட்டு பைண்டு செய்து வைத்த தலைமுறை. பரணில் அதுவே இரண்டு டிரங்குப் பெட்டி இருக்கிறது. இரண்டு மாதம் முன்பு வலது கண்ணில் புரை எடுத்தோம். பார்வை நன்றாகத் தெரிகிறது என்கிறார். ஆனால் பழைய அச்சின் பொடி எழுத்தில் பத்துப் பக்கம் தாண்டினால் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.

தம்பி கிண்டில் பேப்பர்ஒயிட் (அமேசான் விற்கும், புத்தகம் படிக்க மட்டுமான இ-ரீடர்) வாங்கச் சொல்கிறான். 16,999 ரூபாய். என் வீட்டுக்காரர் "அந்தக் காசுக்கு நல்ல டேப்லெட்டே வரும், படிக்கவும் ஆச்சு, பேரனோட வீடியோ காலும் ஆச்சு" என்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு கிண்டிலை வாங்கிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், சின்ன வயதில் வைத்திருந்த பலகை மாதிரி இருக்கிறது. கலர் இல்லை, சத்தம் இல்லை. பக்கம் திருப்பினால் ஒருதரம் கறுப்படித்து வருகிறது. இதற்கா பதினேழாயிரம் என்று தோன்றியது உண்மை.

இரண்டையும் வைத்துப் புழங்கியவர்கள் சொல்லுங்கள். தோற்றம், வசதி, கண், எல்லாம்.

டப்பா_டேப் (ஞாயிறு, 9.22)

வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. படிக்க மட்டுமே ஆகும் பொருளுக்கு அவ்வளவு கொடுப்பது வீண். கிண்டில் செயலியே டேப்லெட்டில் இறங்கும். அதே புத்தகம், அதே கணக்கு, எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்புலத்தை மஞ்சளாக்கலாம். அலுத்துப்போனால் பாட்டுக் கேட்கலாம். இ-ரீடரில் அலுத்துப்போனால் இன்னொரு புத்தகம்தான் படிக்க வேண்டும்.

நூலகப்பூனை (ஞாயிறு, 9.25)

//இ-ரீடரில் அலுத்துப்போனால் இன்னொரு புத்தகம்தான் படிக்க வேண்டும்//

அதற்குத்தானே ஐயா வாங்குகிறோம்!

மின்விசிறி (ஞாயிறு, 10.05)

கயல், நீங்கள் பலகை என்று எழுதியதைப் படித்து எனக்கு ஒரே சந்தோஷம். வேலை செய்கிற விதமும் கிட்டத்தட்ட அதுதான்.

அந்தத் திரைக்குள் தலைமயிர் பருமன்கூட இல்லாத குமிழ்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த எண்ணெய், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள், கறுப்புத் துகள். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். கீழே மின்புலத்தை மாற்றினால் ஒன்று மேலே வரும், மற்றது அடியில் போய் உட்காரும். மேலே வந்ததுதான் நமக்குத் தெரிகிற புள்ளி. பலகையில் எழுதிய எழுத்து அழிக்கும்வரை கிடப்பதுபோல, மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள் வந்த இடத்திலேயே கிடக்கும். அடுத்த பக்கம் வரும்போது பழைய எழுத்தின் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்றுதான் அவ்வப்போது முழுத் திரையையும் கறுப்பாக்கி வெளுப்பாக்கித் துடைக்கிறது. நீங்கள் பார்த்த 'கறுப்படிப்பு' அதுதான், பழுது இல்லை.

டேப்லெட் திரையில் விளக்கு பின்னால் இருக்கிறது, வெளிச்சம் எழுத்தைத் தாண்டி நேராக நம் கண்ணுக்கு வருகிறது. இ-ரீடரில் விளக்கு திரையின் ஓரத்தில். 2021 பேப்பர்ஒயிட்டில் 17 எல்இடி. அந்த வெளிச்சம் மேலிருக்கும் மெல்லிய தகட்டில் ஓடித் திரைமேல் விழுந்து, அங்கிருந்து கண்ணுக்கு வருகிறது. தலைக்கு மேல் டியூப்லைட் போட்டுக்கொண்டு புத்தகம் படிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மொட்டை மாடி வெயிலில் விளக்கே வேண்டாம், வெயில் ஏற ஏற எழுத்து தெளியும். டேப்லெட்டை அங்கே கொண்டுபோனால் உங்கள் முகம்தான் தெரியும்.

டப்பா_டேப் (திங்கள், காலை 7.40)

அறிவியல் எல்லாம் சரி மின்விசிறி. ஆனால் "ஒரு சார்ஜுக்கு 10 வாரம்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை நம்பச் சொல்கிறீர்களா? என் மச்சானுடையது பத்து நாளில் படுத்துவிடுகிறது.

மின்விசிறி (திங்கள், 8.15)

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அந்த 10 வாரத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படிக்க வேண்டும், வைஃபை அணைத்திருக்க வேண்டும், விளக்கு 13ஆம் அளவில் இருக்க வேண்டும். அப்போது 70 நாள், நாளுக்கு அரை மணி, மொத்தம் 35 மணி நேரம். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்வது 10 மணி நேரம். ஆக நிஜ வித்தியாசம் மூன்றரை மடங்கு. ஒன்றை வாரத்திலும் இன்னொன்றை மணியிலும் சொன்னால் நூறு மடங்குக்கும் மேல் மாதிரி கேட்கும். உங்கள் மச்சான் தினமும் மூன்றரை மணி நேரம் படிக்கிறார் போலிருக்கிறது. அவரைப் பாராட்டுங்கள்.

ஒன்று மட்டும். படிக்காமல் கிடக்கும்போது இ-ரீடர் அநேகமாக எதையும் குடிப்பதில்லை. ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்து எடுத்தாலும் விட்ட பக்கத்தில் நிற்கும்.

நூலகப்பூனை (திங்கள், மதியம் 1.30)

சிங்கப்பூரிலிருந்து. என்னிடம் இரண்டும் உண்டு. தோற்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் டேப்லெட்தான் ஜெயிக்கும். கண்ணாடி, அலுமினியம், சன்னமான விளிம்பு, பளபளவென்று மாக்கோலம் போட்ட வாசல் மாதிரி. இ-ரீடர் மங்கலான பிளாஸ்டிக், தடித்த விளிம்பு, ஏதோ போன காலத்துச் சாமான் மாதிரி. ஆனால் அந்தத் தடித்த விளிம்புதான் கட்டைவிரல் இளைப்பாறும் இடம். விளிம்பே இல்லாத டேப்லெட்டில் விரல் திரையில் பட்டுப் பட்டு, பக்கம் தானாக ஓடும். முதுகு வழுக்காமல் இருக்க ரப்பர் பூச்சு. கையில் பிடித்துப் பத்து நிமிடம் ஆனபிறகு எது அழகு என்று மறுபடி கேட்டால் பதில் மாறிவிடும்.

எடை. 2022இல் வந்த சாதாரணக் கிண்டில் 158 கிராம். 2021 பேப்பர்ஒயிட் 205. ஐபேட் மினி 293. சாதாரண ஐபேட் 477, அதாவது சின்னக் கிண்டிலைப் போல மூன்று. படுத்துக்கொண்டு படிப்பவர்களுக்கு இந்த எண்கள் மூக்கிலேயே புரியும். ஐபேட் என் மூக்கில் இரண்டு தடவை விழுந்திருக்கிறது.

முடிந்தால் பக்கம் திருப்பும் பட்டன் உள்ளதைப் பாருங்கள். கிண்டில் ஓயாசிஸில் இருந்தது, 2024இல் அதை நிறுத்திவிட்டார்கள். கோபோ என்ற இன்னொரு கம்பெனியின் லிப்ராவில் இருக்கிறது. வயதானவர்கள் விரல் உலர்ந்திருந்தால் தொடுதிரை சில நேரம் மதிப்பதில்லை. பட்டன் எல்லோரையும் மதிக்கும்.

இங்கே தேசிய நூலகத்தில் தமிழ் மின்னூல்கள் இரவல் கிடைக்கும். அதைக் கோபோவில் நேராக எடுக்கலாம், கிண்டிலில் முடியாது. கிண்டிலுக்கு நூலக இரவல் என்பது அமெரிக்காவில் மட்டும்தான். உங்களுக்கு இது உதவாது, இருந்தாலும் சிங்கப்பூர்க்காரர் யாராவது படிக்கட்டும் என்று எழுதினேன்.

யாழ்_வாசகன் (திங்கள், இரவு 8.50)

கயல் அக்கா, எல்லாரும் மிசினைப் பற்றிக் கதைக்கிறார்கள். அம்மா என்ன கோப்பு வாசிக்கப் போகிறா என்று ஒருவரும் கேட்கவில்லை. கடையில் காசு குடுத்து வாங்கும் மின்னூலா, அல்லது இணையத்தில் இறக்கின பழைய புத்தக ஸ்கேனா?

ஏன் கேட்கிறேன் என்றால், நான் இந்தப் பிழையை விட்டவன். நூலகம் தளத்தில் எங்கட ஈழத்துப் பழைய புத்தகங்கள், சஞ்சிகைகள் எல்லாம் ஸ்கேன் பிடிஎஃப்பாகக் கிடக்கின்றன. அதை வாசிக்கவென்றே ஆறு அங்குல ரீடர் வாங்கினேன். வந்த அன்று இரவே திறந்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. எழுத்தைப் பெருப்பிக்கும் பட்டனைத் தேடினேன், அது வேலை செய்யவில்லை. எப்படிச் செய்யும்? ஸ்கேனுக்குள் இருப்பது எழுத்து இல்லை, எழுத்தின் போட்டோ. விரலால் இழுத்துப் பெருப்பித்தால் பாதி வரி திரைக்கு வெளியே போகும், மற்றப் பாதிக்கு இழுக்க வேண்டும், ஒவ்வொரு இழுவைக்கும் திரை ஒருமுறை யோசிக்கும். இரண்டு பக்கத்தோடு மூடி வைத்தேன்.

பிறகு அடிமட்டம் எடுத்து அளந்தேன். தமிழ்ப் புத்தகம் கூடுதலும் டெமி அளவு, 14 க்கு 21.5 சென்ரிமீற்றர். 6.8 அங்குலப் பேப்பர்ஒயிட்டின் திரை 10.5 க்கு 14. முழுப் பக்கத்தையும் அடக்கினால் எழுத்து அச்சில் இருப்பதின் 65 வீதம்தான். புரை எடுத்த கண்ணுக்கு அது ஆகாது. நான்கு பக்கமும் வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டால் கொஞ்சம் தேறும். ரீடரைக் கிடையாகப் பிடித்து அரைப் பக்கம் அரைப் பக்கமாக வாசித்தால் அச்சை விடப் பெரிதாகவே தெரியும். செய்யலாம், ஆனால் 300 பக்க நாவலுக்கு 600 தரம் தட்ட வேண்டும்.

கயல்_தஞ்சை (திங்கள், 9.30)

ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லை. தம்பி ஒரு பென் டிரைவ் நிறையப் பிடிஎஃப் கொடுத்திருக்கிறான். இப்போதுதான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மொத்தம் 41. அதில் 29 ஸ்கேன். சிலதில் மடிப்பில் பூச்சி அரித்த ஓட்டைகூடத் தெரிகிறது.

டப்பா_டேப் (திங்கள், 9.34)

வழக்கு முடிந்தது. யாழ் அண்ணாவின் கணக்கையே போட்டுப் பார்த்தேன். சாம்சங் டேப் ஏ9, திரை 8.7 அங்குலம், அகலம் 11.3 செ.மீ. வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டால் டெமி புத்தகத்தின் எழுத்துப் பகுதி 11 செ.மீ.தான் இருக்கும். அச்சில் இருக்கிற அளவிலேயே எழுத்து வரும், ஒரு தட்டுக்கு ஒரு பக்கம். விலையும் குறைவு.

மின்விசிறி (திங்கள், 9.51)

ஸ்கேனுக்கு டேப்லெட்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 179 புள்ளி. இ-ரீடர்களில் 300. நம் எழுத்துக்கு இது முக்கியம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கொஞ்சம் மங்கினால் ஊகிக்கலாம். தமிழில் ன-வும் ண-வும் ஒரு சுழியில்தான் பிரிகின்றன.

முனைவர்_எப்போ (செவ்வாய், காலை 6.20)

ஆய்வு மாணவி. விடிய விடிய ஸ்கேன் பிடிஎஃப்புக்குள் குடியிருப்பவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒரு வகையும் இருக்கிறது. 10 அங்குலத்துக்கு மேற்பட்ட இ-இங்க் திரை (மின்விசிறி சொன்ன அந்தத் துகள் திரைதான்). 2024 கிண்டில் ஸ்கிரைப் 10.2, நார்வேக்காரர்களின் ரிமார்க்கபிள் 10.3, சீனத்து பூக்ஸ். டெமி பக்கம் அப்படியே உட்காரும். பேனாவால் ஓரத்தில் எழுதலாம். பூக்ஸில் ஆன்ட்ராய்டு ஓடுவதால் எந்தச் செயலியையும் போட்டுக்கொள்ளலாம். விலைதான் அம்மாவுக்குச் சொன்ன தொகையைப் போல இரண்டு, மூன்று மடங்கு போகும். நாவல் படிக்க இது தேவையில்லை.

கலர் இ-ரீடர் என்று யாராவது ஆசை காட்டினால் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். 2024இல் கோபோ, அதே வருடம் கிண்டில் என்று வரிசையாக வந்தன. கறுப்பு வெள்ளைத் திரைமேல் ஒரு வண்ண வடிகட்டியை ஒட்டித்தான் கலரே கொண்டுவருகிறார்கள். எழுத்துக்கு 300 புள்ளி இருந்தாலும் கலருக்கு 150தான். வடிகட்டி வெளிச்சத்தைக் குடிப்பதால் வெள்ளைத்தாள் பழுப்பாகத் தெரியும். சிவகாசிக் காலண்டர் நாலு வருடம் வெயிலில் தொங்கினால் எப்படி இருக்குமோ அந்தக் கலர். அட்டைப்படம் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

"காகிதம் மாதிரி திரை" என்று விற்கும் மேட் டேப்லெட்டுகளும் உண்டு. கூச்சம் குறையும், உண்மை. ஆனால் உள்ளே இருப்பது எல்சிடிதான், விளக்கு பின்னால்தான்.

கயல்_தஞ்சை (செவ்வாய், 11.00)

கண்ணைப் பற்றி ஒரு கேள்வி. "ஹார்வர்ட் ஆராய்ச்சி: இ-ரீடரில் படித்தால் தூக்கம் கெடும்" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போட்டிருக்கிறார். பயமாக இருக்கிறது.

மின்விசிறி (செவ்வாய், 1.10)

சித்தப்பா பொய் சொல்லவில்லை. தலைப்புதான் காலை வாருகிறது. 2014 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு அது, பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் நடந்தது. 12 பேர். ஐந்து இரவு அச்சுப் புத்தகம், ஐந்து இரவு "இ-ரீடர்", தூங்குமுன் நாலு மணி நேரம். இ-ரீடர் படித்தவர்களுக்குத் தூக்கம் வரப் பத்து நிமிடம் கூடுதலாக ஆனது. சரி, அந்த இ-ரீடர் எது தெரியுமா? ஐபேட். அதுவும் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்து. கிண்டில் பேப்பர்ஒயிட் மாதிரி ஒன்றை வைத்து எடுத்த முடிவு இல்லை.

அதற்காக டேப்லெட் கண்ணைக் கெடுக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். திரையின் நீல ஒளி விழியைப் பாழாக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்றுதான் அமெரிக்கக் கண் மருத்துவர் கழகமே சொல்கிறது. கண் காய்வதற்குக் காரணம், திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைவதுதான். அது எந்தத் திரைக்கும் பொருந்தும், ஏன், விறுவிறுப்பான நாவலுக்கும் பொருந்தும். அறுவை செய்த கண்ணுக்கு எவ்வளவு நேரம் படிக்கலாம் என்பதை மட்டும் அடுத்த முறை போகும்போது டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

பழைய_பேட்டை (செவ்வாய், இரவு 10.15)

ரொம்ப நாள் கழித்து இந்தப் பக்கம் வந்தேன், இன்னும் அதே சண்டையா!

2007 நவம்பரில் முதல் கிண்டில் வந்தபோது 399 டாலர், அடியில் முழு விசைப்பலகை, சாம்பல் நிறத்தில் நாலே நாலு சாயல். அதற்கு முன்பே 2004இல் சோனி ஜப்பானில் ஒன்று விட்டிருந்தது. 2010 ஏப்ரலில் ஐபேட் கடைக்கு வந்ததும் கிண்டிலின் கதை முடிந்தது என்று எழுதாத ஆள் இல்லை. அந்த முதல் ஐபேட் 680 கிராம்! அதைத் தூக்கிப் படித்தவர்கள் ரெண்டாம் நாளே மடியில் தலையணை வைத்தார்கள். இரண்டும் இன்றைக்கும் விற்கின்றன என்றால் இரண்டும் ஒன்றல்ல என்றுதானே அர்த்தம்.

இப்போது யாரும் சொல்லாத ஒன்று. நம் சொற்கள் நீளம். "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்று ஒரே சொல் அசால்ட்டாக வரும். ஆறு அங்குலத் திரையில், 64 வயதுக்கு ஏற்ற மாதிரி எழுத்தை ஏற்றினால் வரிக்கு மூன்று சொல்தான் அடங்கும். இரண்டு ஓரமும் நேராக வரும்படி அமைப்பு இருந்தால் அந்த மூன்று சொல்லுக்கு நடுவில் மாட்டுவண்டியே போகலாம். அமைப்பில் போய் இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கும்படி மாற்றுங்கள், பாதித் தொல்லை தீரும். எழுத்துருவையும் மாற்றலாம். கணினியில் செருகினால் ரீடருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்று ஓர் அடைவு தெரியும். அதற்குள் நல்ல யூனிகோட் எழுத்துரு ஒன்றைப் போட்டால் பட்டியலில் வந்துவிடும். தடித்த கோடு உள்ளதாகப் பாருங்கள், மெலிந்த எழுத்துரு இ-இங்க்கில் நரைத்துத் தெரியும்.

இன்னொன்று, உறை வாங்காமல் இ-ரீடர் வாங்காதீர்கள். திரைக்கு அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடி. என்னுடைய ஒன்று, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், பஸ்ஸில் பைக்குள் டிபன் பாக்ஸோடு நசுங்கியது. வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே மேல் பாதி பூராவும் கோடு கோடாக, கீழ்ப் பாதியில் நான் கடைசியாகப் படித்த ஏழு வரி. இ-இங்க் ஆச்சே, அழியவும் இல்லை. ரிப்பேர் கடைக்காரர் "திரை வராது சார்" என்றார். அந்த ஏழு வரியை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன்.

டப்பா_டேப் (புதன், காலை 8.05)

ஏழு வரிக்கு ஓர் அஞ்சலி.

நான் விட்ட ஒன்று இருக்கிறது, இதற்கு இ-ரீடர் கட்சி என்ன சொல்கிறது பார்ப்போம். ஆன்ட்ராய்டு டேப்லெட் தமிழை வாய்விட்டுப் படிக்கும். குரல் கொஞ்சம் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிதான், "கூப்பிட்டான்" என்பதைக்கூடச் செய்தி மாதிரி வாசிக்கும். ஆனால் கண் களைத்தபிறகு மீதி அத்தியாயத்தைக் காதால் கேட்கலாம். என் அப்பாவுக்கு இப்போது அப்படித்தான் ஓடுகிறது. அவருக்கு நான் இ-ரீடர் வாங்கியிருந்தால் படிப்பே நின்றிருக்கும்.

மின்விசிறி (புதன், 8.30)

ஒன்றும் சொல்லாது. இதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

முனைவர்_எப்போ (புதன், 9.00)

கயல் அக்கா, வாங்குவதற்கு முன் அந்த 29 ஸ்கேனின் பெயர்களை எடுத்துக்கொண்டு தமிழ் விக்கிமூலத்திலும் மதுரைத் திட்டத்திலும் (இரண்டும் இலவச மின்னூல் தளங்கள்) தேடிப் பாருங்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தட்டச்சு செய்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களாக இருந்தால் எழுத்து வடிவிலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். விக்கிமூலத்திலிருந்து இபப் (எழுத்தைப் பெரிதாக்க வரும் மின்னூல் கோப்பு) ஆகவே இறக்கலாம். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இபப் தவிர ஆறு அங்குலத் திரைக்கென்றே பக்கம் கட்டிய பிடிஎஃப்பும் தருகிறார்கள், நம் ஆட்கள் யோசித்துச் செய்த வேலை. 2022 முதல் கிண்டிலுக்கு இபப்பை நேராகவே அனுப்பலாம், மாற்றித் தந்துவிடும்.

யாழ்_வாசகன் (புதன், இரவு 7.45)

ஒரு எச்சரிக்கை. சில பிடிஎஃப் பார்வைக்கு எழுத்து மாதிரியே இருக்கும், தெரிவு செய்யவும் வரும். சந்தோஷப்படாதையுங்கோ. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், இபப் ஆக மாற்றும்போது 'தமிழ்' என்ற சொல்லே நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். முதலில் ஒரு வரியை வெட்டி வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் மாற்றலாம்.

கயல்_தஞ்சை (ஞாயிறு, இரவு 9.40)

ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எதையும் வாங்கவில்லை. தம்பியின் பழைய பேப்பர்ஒயிட், 2021இல் 13,999க்கு வாங்கினது, அதை வாங்கி வந்தேன். என் நாத்தனாரின் 8.7 அங்குல டேப்லெட்டையும் இரவல் வாங்கினேன். இரண்டிலும் ஒரே நாவலைப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

முதல் நாள் டேப்லெட்தான் எடுத்தார். "வெளிச்சமா இருக்குடி." ஏழாவது பக்கத்தில் பெரியம்மா வீடியோ காலில் வந்தார். அரை மணி நேரம். அப்புறம் ஏதோ ஒரு கோயில் கும்பாபிஷேகம் யூட்யூபில் ஓடியது, அதன்பின் ஒரு வத்தக்குழம்பு. ராத்திரி போய்ப் பார்த்தால் புத்தகம் ஏழாம் பக்கத்திலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் "பாத்தியா, எவ்வளவு உபயோகம்" என்றார். அதுவும் நியாயம்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் கரண்ட் இல்லை. கிண்டிலைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். எழுத்தை ஏற்றிக் கொடுத்தேன். பழைய_பேட்டை சார் சொன்ன மாதிரியே வரிக்கு மூன்று சொல். "இவ்வளவு குட்டி வரியா இருக்கேம்மா, பரவாயில்லையா" என்று கேட்டேன். "பத்திரிகையில தொடர்கதை வந்தப்போ பத்தி இவ்வளவுதானே இருக்கும்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. நாம் இங்கே குறை என்று பேசியது அம்மாவுக்கு இருபது வயதுப் பழக்கம்.

பக்கம் கறுப்படிக்கும்போது மட்டும் முதல் இரண்டு நாள் நின்று நின்று பார்த்தார், ஏதோ கெட்டுப்போகிறது என்று. இப்போது கண்டுகொள்வதில்லை. இரவு விளக்கை மஞ்சளாக்கி வைத்திருக்கிறேன். படித்து முடித்ததும் தலையணைக்கு அடியில் போகிறது, பஞ்சாங்கம் சுற்றி வைத்த அதே காசித்துண்டில் சுற்றி. உறை சொல்லியிருக்கிறேன் பழைய_பேட்டை சார், நாளை வருகிறது.

29 ஸ்கேனில் 11 எழுத்து வடிவில் கிடைத்தது. முனைவர், உங்களுக்குப் பெரிய நன்றி. மீதி 18க்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் டேப்லெட். தம்பி கிண்டிலைத் திருப்பிக் கேட்கிறான். தர முடியாது என்று அம்மாவே போனில் சொல்லிவிட்டார். அவன் வேண்டுமானால் புதிது வாங்கிக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு சந்தேகம். அடியில் இடது மூலையில் 'லொகேஷன் 1432' என்று வருகிறது. அம்மாவுக்குப் பக்க எண் வேண்டுமாம். எப்படி மாற்றுவது?

நூலகப்பூனை (ஞாயிறு, 9.48)

அந்த எண்ணின் மேலேயே ஒரு தட்டுத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மாறும். பக்க எண் எல்லாப் புத்தகத்திலும் வராது. இல்லையென்றால், புத்தகம் முடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று வைத்துவிடுங்கள், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கயல்_தஞ்சை (ஞாயிறு, 10.02)

வைத்தேன். "இன்னும் 4 மணி 10 நிமிஷம்னு போட்டிருக்கு" என்று படித்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார்: "யாருக்குடி? கதைக்கா, எனக்கா?"